அண்ணன் கேட்டது

அன்புள்ள அண்ணிக்கு,

ஹரிணியும் அத்தையைப் போல இயற்பியல் படிக்க ஆசைப்படுகிறாள், ஞாயிற்றுக்கிழமை பொன்னேரிக்கு வந்து அவளிடம் பேசு என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்.

போன வாரம் கும்மிடிப்பூண்டியில், அண்ணன் வேலை பார்த்த ஷெட்டின் தகரக் கூரையில் எங்கள் வெள்ளைப் பூச்சைப் பூசினோம். வெயிலைத் திருப்பி அனுப்பும் பூச்சு. உள்ளே ஏழு டிகிரி குறைந்தது. "இப்பதான் மேடம் மூச்சு வுட முடியுது" என்றார் ஒருவர். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

கல்லூரி வேலையை விட்டு இந்த ஆராய்ச்சிக்கு நான் வந்ததை அண்ணன் மேலுள்ள பாசம் என்கிறீர்கள். அப்படிச் சொல்லாதீர்கள்.

அந்த மே மாதம் அவர் எனக்குப் போன் செய்தார். "தகரம் கொதிக்குது பாப்பா. இம்மாம் படிச்சிகீறியே, மேல பூச எதுனா கீதா?" நான் அப்போது கல்லூரியில், கடுங்குளிரூட்டிய உலோகங்களை ஆராய்ந்துகொண்டிருந்தேன். "அது என் சப்ஜெக்ட் இல்லண்ணா" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டேன். மூன்றாம் நாள் அந்தத் தகரத்தின் கீழேதான் சுருண்டு விழுந்தார்; எழவேயில்லை.

வெறும் சுண்ணாம்பு அடித்தாலே சூடு கொஞ்சம் குறையும். அன்றைக்கே எனக்கு அது தெரியும், அண்ணி.

இதைப் படித்த பிறகும் வரச் சொன்னால் வருகிறேன்.

உங்கள் நாத்தனார்