டிராகனுக்குத் தைத்த இமைகள்

என் கண்ணுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் சுகமாகத்தான் இருக்கிறோம், அவள் முழங்காலும் என் மூக்குக் கண்ணாடியும்தான் கொஞ்சம் மக்கர் செய்கின்றன, நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய் தூங்குகிறாய் என்று தெரிந்தால் அவை இரண்டும் தானாகச் சரியாகிவிடும். இந்தக் காலத்தில் கடிதம் எதற்கப்பா, போனில் பேசினால் போதாதா என்று கேட்பாய். போனில் நீ அழுதால் எனக்கு வாய் அடைத்துப் போகிறது, அதற்குள் உன் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள், நான் என்னத்தைப் பேசுவது. அதுவும் தவிர இதோடு ஒரு சின்னப் பொருளும் வைத்திருக்கிறேன், அதைப் போனில் அனுப்ப முடியாதே. உனக்குப் பொறுமை கிடையாது என்று தெரியும், இருந்தாலும் படித்து முடித்துவிட்டு அதைப் பிரி.

அன்றைக்கு நீ சொன்னதே மனசில் ஓடிக்கொண்டிருக்கிறது. குறைமாதக் குழந்தைகள் வார்டுக்கு உன்னைப் பொறுப்பு நர்ஸாகப் போட்டபோது கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். இப்போது உன் கீழே வேலை பார்க்கிற பெண்கள் தங்களுக்குள் அனுப்பிக்கொள்ள வேண்டிய செய்தியை, நீயும் இருக்கிற குழுவிலேயே கை தவறிப் போட்டுவிட்டார்கள் என்றாய். "டிராகன் வந்துட்டிருக்கு, எல்லாரும் முழிச்சுக்கோங்க." அதைப் படித்துக் காட்டும்போதே அழுதுவிட்டாய். கை கழுவிவிட்டு வந்தவளை மறுபடி கழுவச் சொன்னதற்கும், பெரிய டாக்டரைக் கைக்கடிகாரத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வரச் சொன்னதற்கும், நாற்காலியில் கண்ணயர்ந்த பெண்ணைத் தட்டி எழுப்பியதற்கும் இப்படி ஒரு பட்டப்பெயரா என்றாய். இந்தப் பொறுப்பே வேண்டாம், மாதம் பிறந்ததும் எழுதிக் கொடுத்துவிட்டுப் பழையபடி சாதாரண நர்ஸாகவே இருந்துவிடுகிறேன் என்றாய். அதற்குள் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்றுதான் கையெழுத்தைக்கூடப் பார்க்காமல் வேகமாக எழுதுகிறேன்.

வேடிக்கை என்ன தெரியுமா, நீ டிராகன் டிராகன் என்று அங்கே அழுதபோது நான் இங்கே ஒரு டிராகனின் வாலுக்குள் தோள்வரை கையை விட்டு ஊசி தேடிக்கொண்டிருந்தேன். எங்கள் நாடகக் கொட்டகையில் குழந்தைகளுக்காகப் புது நாடகம் போடுகிறார்கள், அதற்கு ஒரு டிராகன் வேண்டும், உள்ளே ஆட்கள் வரிசையாக நின்று தூக்கிக்கொண்டு நடக்கிற மாதிரி நீளமாக. தையல் அறையில் அது கொள்ளவில்லை. தலை இஸ்திரி மேஜை மேல், உடம்பு அலமாரிகளைச் சுற்றிக்கொண்டு, வால் நடைவழியில் கிடக்கிறது, போகிறவர் வருகிறவர் எல்லாம் தடுக்கி விழுந்து என்னைத் திட்டுகிறார்கள். மழைக்கோட்டுத் துணியில் செதில் வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தைத்திருக்கிறேன். மத்தியானம் ஜன்னல் வழியாக வெயில் விழும்போது அறை முழுக்கப் பச்சை வெளிச்சம் பரவி, சுவர் மெல்ல மூச்சு விடுவதுபோல் இருக்கும். அதில் உட்கார்ந்து ஊசி கோத்தால் இது எந்த ஊர், எந்தக் காலம் என்றே மறந்துபோகிறது.

ஆனால் டிராகன் எப்படி இருக்கும் என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எங்கள் தச்சர் மேற்கு நாடு எதிலோ பிறந்தவர், இறக்கை இல்லாத டிராகனா, வெளியே சொல்லாதீங்க, சிரிப்பாங்க என்றார். அவர் ஊர் டிராகன் குகைக்குள் தங்கக் குவியல்மேல் படுத்திருக்குமாம், செலவழிக்கவும் தெரியாது, விட்டுக்கொடுக்கவும் மாட்டாது, நெருப்பைக் கக்கும், கடைசியில் ஒரு வீரன் ஈட்டியோடு வந்து குத்துவான். சாயம் போடுகிற அம்மாவுக்குக் கிழக்கு நாடு ஒன்று. அவர் துணி பிழிவதை நிறுத்திவிட்டு, எங்க ஊர்ல அதைக் குத்தினா மழைக்கு எங்கே போறது என்று கேட்டார். அவர்கள் டிராகனுக்கு இறக்கையே கிடையாதாம், தாடி வைத்துக்கொண்டு மேகத்துக்குள் நீந்துமாம், ஆற்றுக்கும் கடலுக்கும் அதுதான் காவலாம், ஒரு முத்தைத் துரத்திக்கொண்டே போகுமாம். ஒரு குழந்தையை டிராகன் என்று சொன்னால் அந்த வீட்டில் பெருமைப்படுவார்களாம், கேட்டாயா? நாடகத்தை நடத்துகிறவர் இன்னும் பலதைச் சொன்னார். குளிர்தேசத்துக் கதை ஒன்றில் கடலுக்கடியில் உலகத்தையே சுற்றிக்கொண்டு தன் வாலைத் தானே கவ்விக்கொண்டிருக்கும் பாம்பு உண்டாம், பிடி விட்டால் உலகம் முடிந்ததாம். வேறொரு கண்டத்தில் உடம்பெல்லாம் இறகு முளைத்த நாகத்தைத் தெய்வமாகக் கும்பிட்டார்களாம். எனக்கு நம் மொழியில் இதற்கு என்ன பெயர் என்றே குழப்பம், அகராதியில் பறவைநாகம் என்று இருக்கிறது, பழைய மொழிபெயர்ப்புகளில் வலுசர்ப்பம் என்று படித்த ஞாபகம், ஆனால் வாயில் வருவதென்னவோ டிராகன்தான்.

இப்படி ஊர்ப்பட்ட டிராகனைப் பற்றிக் கேட்டும் நான் ஒரு கூத்து பண்ணிவிட்டேன். நான் தைக்கிற யானைக்கும் கரடிக்கும் எப்போதும் இமை வைப்பேன், உனக்குத்தான் தெரியுமே, உள்ளே ஒரு நூல், இழுத்தால் கண் மூடும், குழந்தைகள் கை தட்டும். அதே பழக்கத்தில் இதற்கும் பட்டுத்துணியில், உள்ளே பஞ்சு வைத்து, இரண்டு இமை தைத்துவிட்டேன். நடத்துகிறவர் நூலை இழுத்துப் பார்த்தார், டிராகன் மாட்டைப்போல் சாதுவாகக் கண் மூடியது, எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. அவர் என் தோளைத் தட்டி, மாஸ்டர், பாம்புக்கு ஏது இமை, இது பாம்பு வம்சம், எடுத்துடுங்க என்றார். பழைய கதைகளில் பொன் விளைகிற மரத்தையும் பொன் ஆட்டுத்தோலையும் காவல் காத்தது இதுதானாம், அதில் ஒன்று தூங்கவே தூங்காதாம். டிராகன் என்ற சொல்லே "பார்ப்பது" என்ற அர்த்தத்தில் முளைத்தது என்று படித்தவர்கள் சொல்கிறார்களாம், கண்கொட்டாமல் பார்ப்பதால் வந்த பெயர்.

இமைகளைப் பிரித்து எடுத்தேன். நல்ல தையல் போட்டிருந்தேன், பிரிக்க மனசே வரவில்லை. கை ஓய்ந்துபோய் அந்த டிராகனின் வயிற்றுக்குள்ளேயே சாய்ந்தேன், கண் சொக்கிவிட்டது. கனவில் ஒரு நீளமான அறை, கண்ணாடிப் பெட்டி பெட்டியாக, ஒவ்வொன்றிலும் என் கை அளவுகூட இல்லாத ஒரு உயிர். அவற்றைச் சுற்றி ஒரு பெரிய பச்சை உடம்பு சத்தமில்லாமல் வளைந்து வளைந்து போகிறது. எனக்குப் பயமே வரவில்லை. அது தலையைத் திருப்பிப் பார்த்தது, அதற்கு உன் கண்.

விழித்துப் பார்த்தால் உன் அம்மா நிற்கிறாள். மத்தியானச் சாப்பாடு கொண்டுவந்தவள், என்னைக் காணாமல் வாலிலிருந்து தட்டிக்கொண்டே வந்திருக்கிறாள். நீ போன் செய்த நாளிலிருந்து அவள் ஒரே பிடிவாதம், பட்டப்பேர் வைக்கிற இடத்தில் என் பொண்ணு எதுக்கு இருக்கணும், வேலையை விட்டுட்டு வரச் சொல்லுங்க என்று. சாப்பிடும்போது எல்லாக் கதையையும் சொன்னேன், இமை எடுத்த கதையையும் சொன்னேன். அவள் போய் அந்தத் தலைக்கு முன்னால் உட்கார்ந்து, திறந்தே கிடந்த கண்ணைத் தன் முந்தானையால் துடைத்தாள். பிறகு கேட்டாள்: "பாவம், இது எப்பத்தான் தூங்கும்?" அவள் டிராகனைப் பற்றிக் கேட்கவில்லை என்று எனக்குப் புரிந்தது, இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அழுதோம். அதற்கப்புறம் வேலையை விடச் சொல்லுங்க என்று அவள் சொல்லவில்லை.

கண்ணு, அந்தப் பெண்கள் கிண்டலாகத்தான் சொன்னார்கள், நான் பூசி மெழுக மாட்டேன். ஆனால் செய்தியை மறுபடி படி. டிராகன் வருகிறது, முழித்துக்கொள்ளுங்கள். நீ வருகிறாய் என்றால் அந்த வார்டு முழித்துக்கொள்கிறது, அந்தப் பொடிசுகளுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? அந்தச் சொல் பிறந்த ஊரில் டிராகன் என்றால் பார்ப்பது, நம் பேச்சில் அதே பார்ப்பதோடு ஒரு துண்டு ஒட்டினால் பார்த்துக்கொள்வது, இரண்டுக்கும் நடுவில்தான் உன் வேலையே இருக்கிறது. நெருப்பை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொள், கொஞ்சம் மழையாகவும் இரு. தூங்கி விழுந்தாளே அந்தப் பெண், அவள் வீட்டில் என்ன பாடோ, ஒருநாள் அவளுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து உட்காரவைத்துப் பேசு. அப்படியும் உனக்கு வேண்டாம் என்றால் எழுதிக் கொடு, நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன், ஆனால் ஒரு பெயருக்காக எழுதிக் கொடுக்காதே.

நீ எடுத்த பொறுப்பெல்லாம் உன் கையில் செழிக்கட்டும், நீ தொட்ட குழந்தைகள் எல்லாம் வளர்ந்து தத்தம் வீட்டைத் தலைகீழாக்கட்டும். அம்மா உனக்கு முத்தம் கொடுத்ததாகச் சொல்லச் சொன்னாள், தலைக்குக் குளித்தால் ஈரத்தோடு படுக்காதே என்றும் சொன்னாள்.

இப்போது பொட்டலத்தைப் பிரி. அந்த இரண்டு இமைகளையும் சேர்த்து, பின்னால் எலாஸ்டிக் வைத்துக் கண்ணுக்குக் கட்டிக்கொள்கிற மாதிரி தைத்திருக்கிறேன். அளவு சரியாக இருக்கும், உன் தலை அளவு எனக்கு மறக்காது. வார்டில் கண்ணைத் திறந்து வைத்துக்கொள், யார் என்ன பெயர் சொன்னாலும். ஆனால் நீ பாம்பு வம்சம் இல்லை, எங்கள் வம்சம். வீட்டுக்கு வந்ததும் இதைப் போட்டுக்கொண்டு தூங்கு, அந்த நேரம் நாங்கள் இங்கே முழித்திருப்போம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
இன்னொரு டிராகனோடு இத்தனை வருஷமாகக் குடித்தனம் செய்கிற
உன் அப்பா