சாம்பல் தண்ணீர் மீன்

ஹாம்பர்க், நவம்பர் 2004

நைனா,

நீ என்னை ஏமாற்றிவிட்டாய். எண்ணூர் முகத்துவாரத்தில், அனல்மின் நிலையத்துச் சாம்பல் கலக்கும் தண்ணீரில் நீ பிடிக்கும் மீனை, என் பேராசிரியரிடம் காட்டக் காயவைத்து அனுப்பச் சொன்னேன். நீயோ காசிமேட்டுச் சந்தையில் வஞ்சிரம் வாங்கி அனுப்பியிருக்கிறாய். மீன்காரன் மகளுக்குப் பொட்டலத்தைப் பிரித்ததும் தெரியாதா?

போனில் கேட்டால் சிரிக்கிறாய். "வெள்ளக்கார வாத்தியாருக்கு சாம்பத்தண்ணி மீனையா குடுப்பாங்க? நம்ம மானம் இன்னாத்துக்கு ஆவறது?"

இது விருந்து இல்லை, நைனா. ஆய்வு. அந்தத் தண்ணீரில் வலை இழுத்து உன் விரலில் வந்த புண் ஏன் இன்னும் ஆறவில்லை என்று நான் கண்டுபிடிக்க வேண்டும்.

என்னோடு படிக்கும் வியட்நாம் பெண், ஆலைக்கழிவு கலக்கும் தன் ஊர் ஆற்று மீனை வகுப்பில் மேசைமேல் வைத்து, "இதைத்தான் என் அம்மா சமைக்கிறாள்" என்றாள். யாரும் மூக்கைப் பொத்தவில்லை. எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். எனக்குத்தான் வெட்கமாகிவிட்டது. இங்கு வந்து நான்கு மாதமாக, என் ஊரில் அழகான கடல் இருக்கிறது என்று மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தேன்.

உன் வஞ்சிரத்தை வறுத்துத் தின்றேன். பாதியில் தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன். நல்லதை எனக்கு அனுப்பிவிட்டு, அன்றைக்கு நீ எதைத் தின்றாய்?

அதை அனுப்பு.

உன் மகள்