கடைசிப் படகில் ஏறியவள்

ஜூன் 14, ஞாயிறு

இன்று மயிலாப்பூர் தியேட்டரில் பார்த்த படத்தில், கடலில் மூழ்கும் ஒரு நகரத்திலிருந்து கடைசிப் படகு கிளம்புகிறது. ஒரே ஓர் இடம்தான் மீதி. ஒரு தாய் தன் மகளைக் கரையில் விட்டுவிட்டு ஏறிவிடுகிறாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தியேட்டரே கூச்சல் போட்டது. "இன்னாம்மா, புள்ள அங்க நின்னுகினு கீது, நீ பாட்டுக்குப் போறியே!" என்று பின்வரிசையில் ஒருவன் கத்த, எல்லோரும் சிரித்தார்கள். என் மகள் வித்யா சிரிக்கவில்லை. "சீ, இவல்லாம் ஒரு அம்மாவா?" என்றாள்.

"உங்கம்மா அப்படியெல்லாம் போகமாட்டா, பயப்படாதே" என்று இவர் பாப்கார்னை நீட்டினார். வாங்கிக்கொண்டேன். அந்தத் தாய் படகில் கால் வைத்தபோது எனக்கு மட்டும் நிம்மதியாக மூச்சு வந்ததை யாரிடம் சொல்ல?

டெல்லிக்குப் பதவி உயர்வில் போக சம்மதமா என்று நாளை அலுவலகத்தில் பதில் சொல்ல வேண்டும். போனால் தனியாகத்தான் போக வேண்டும். வீட்டில் இன்னும் யாருக்கும் தெரியாது.

படுக்கப் போகுமுன் வித்யா தண்ணீர் எடுக்க சமையலறைக்கு வந்தாள்.

"அவ ஏம்மா ஒரு தடவைகூடத் திரும்பிப் பாக்கல?"

"பாத்தா போக முடியாதுடி."

யோசிக்காமல் சொல்லிவிட்டேன். பாட்டிலை மூடாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"படத்துல அப்படி யாரும் சொல்லலையே" என்றாள்.

அவள் அறையில் இன்னும் விளக்கு எரிகிறது.