ஊதா நூல் கட்டின மாசம்

அன்புள்ள குண்டூசிக்கு,

அம்மா எழுதுறேன். நீ நல்லா இருக்கணும், நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கணும். இங்கே எல்லாரும் சௌக்கியம்னு அடுத்த வரி எழுத வந்தேன், கை ஓடல. குருவி எச்சம் போட்டு அனுப்புற டியூப் பெட்டியை நீ மட்டும்தான் பிரிப்பேன்னு சொல்லியிருக்கே, அதனால அதுக்கு மேலயே இதை வைக்கிறேன். போன்ல சொன்னா பக்கத்துல படுத்திருக்கிற அப்பாவுக்குக் கேட்கும். இருபதாம் தேதி நீ அவ்வளவு பேருக்கு முன்னாடி மேடையேறிப் பேசுறதுக்குள்ள இது உன் கைக்கு வந்து சேரணும், அதுதான் இப்ப என் தவிப்பெல்லாம்.

போன வாரம் நீ குதிச்சுக்கிட்டுப் பேசினே. அம்மா, நம்ம ஜன்னல் குருவிங்கதான் என் ஆராய்ச்சியையே தூக்கி நிறுத்துது, அதுங்க வயித்துல இருந்த பாக்டீரியால பாதிக்கு மேல மூணாவது மாசத்துல இருந்து காணோம், பூச்சியும் விதையும் தின்னுட்டு இருந்ததுங்க வேற எதையோ தின்ன ஆரம்பிச்சிருக்கு, பின்னாடி காலியிடத்துல கட்டடம் வந்ததாலதான் இருக்கும், ஊதா நூல் கட்டின டியூப்ல இருந்து எல்லாமே மாறியிருக்கு, அந்த மாசம் அங்கே என்னம்மா நடந்துச்சுன்னு கேட்டே. ஒண்ணும் நடக்கலைன்னு சொன்னேன். பொய்டி. கட்டடமும் இல்ல மண்ணாங்கட்டியும் இல்ல, நான்தான் மாத்தினேன்.

மாசத்துக்கு ஒரு கலர் நூல் கட்டி அனுப்பினப்ப தையல்காரி புத்தி போகுதா பாருன்னு கிண்டல் பண்ணினியே, அந்த ஊதா நூல் மாசம்தான் அப்பா விழுந்தார். கால் வழுக்கிடுச்சு, சின்ன அடின்னு உனக்குச் சொன்னேன். அது வாதம். வலது பக்கம் மொத்தமா இழுத்துடுச்சு, பேச்சும் போயிடுச்சு. நீ கூப்பிடும்போதெல்லாம் தூங்குறார், குளிக்கிறார்னு நான் சொன்னது அத்தனையும் புளுகு. முப்பது வருஷம் பஸ் ஓட்டின மனுஷன், ஸ்பூனைக் கிட்டே கொண்டுபோனாலே வாயை இறுக்கி மூடிக்குவார். எட்டு நாள் அப்படியே போச்சு. ஒருநாள் அவர் துப்பின ரொட்டித் துண்டு ஜன்னல் விளிம்புல விழுந்துச்சு, ஒரு குருவி வந்து கொத்துச்சு, மனுஷன் அதையே பார்த்துக்கிட்டு வாயைத் திறந்தார். சட்டுனு ஊட்டிட்டேன். அன்னைக்குப் பிடிச்சதுதான், குருவிக்கு ஒரு துண்டு, அவருக்கு ஒரு வாய். எதுவும் வைக்காதேம்மா, அதுங்களா தேடித் தின்னணும்னு நீ படிச்சுப் படிச்சுச் சொன்னது மறக்கல. தெரிஞ்சேதான் வச்சேன். தினம் மூணு வேளை, ரொட்டி, பிஸ்கட் தூள். வெள்ளிக்கிழமையானா அதே குருவிங்க எச்சத்தைச் சுரண்டி டியூப்ல போட்டு, ஒண்ணும் தெரியாதவ மாதிரி உனக்கு அனுப்பி வச்சேன். நான் அஞ்சு மாசமா உன்கிட்ட மறைச்சதை அந்தக் குருவி வயிறு உனக்குக் காட்டிக் கொடுத்துடுச்சு பாரு.

உன் போனுக்கு அப்புறம் பயந்துபோய் நேத்து ஒண்ணும் வைக்கல. குருவிங்க வந்து வெறும் விளிம்பைக் கொத்திப் பார்த்துட்டுப் பறந்துடுச்சு. அப்பா சாயங்காலம் வரைக்கும் வாயே திறக்கல. அவர் கைக்கடிகாரம் இப்ப முழங்கை வரைக்கும் ஏறுது. மூக்கு வழியா குழாய் போட்டுடலாம்ங்கறார் டாக்டர், அதைக் கேட்டன்னைக்கு அப்பா இடது கையால கட்டில் கம்பியைப் பிடிச்சவர் ராத்திரி வரைக்கும் விடவேயில்ல. இன்னைக்குக் காலையில மறுபடி ரொட்டியைப் பிச்சுப் போட்டுட்டேன். உன் உழைப்பையும் கெடுத்தேன், அந்த வாயில்லா ஜீவனுங்க வயித்தையும் கெடுத்தேன், நிறுத்தினா இவர் வயிறு காயுது. நான் என்னடி பண்ணுவேன்? எனக்கு ஒரு வழியும் தெரியல.

சிவப்பு நூலும் மஞ்சள் நூலும் சுத்தம், சத்தியமா சொல்றேன். ஊதாவுல இருந்து வந்த எதையும் கட்டடத்தோட சேர்த்து மேடையில பேசிடாதே. திட்டணும்னா நல்லா திட்டு, ஆனா போனை மட்டும் வச்சுடாதே. கிளம்பி வராதே, வேலையைப் பாருன்னுதான் எப்பவும் சொல்லுவேன். இப்ப சொல்றேன், பேசி முடிச்ச கையோட வாடி. என்னால தனியா முடியல.

உடம்புக்கு ஒரு குறையும் வராம, எடுத்த காரியம் கைகூடி நீ நல்லா இருக்கணும். மறக்காம ஒண்ணு. இந்த வாரத்து டியூப்ல முடிச்சு கோணலா இருக்கும், வெட்டி எறிஞ்சுடாதே. நான் எழுதுறதைப் பார்த்துட்டு, கையை நீட்டி நூலை வாங்கி, ஒரு முனையைப் பல்லுல கடிச்சுக்கிட்டு இடது கையால அப்பா கட்டினது.

இப்படிக்கு,
உன்கிட்ட பொய் சொன்ன
அம்மா