இருநூறு ரிலேக்களும் ஒரு சிவப்பு அம்பும்

மண்ணரை, திருப்பூர்
3.2.2025

ஜனனிக் கண்ணுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நான் ஓயாமல் பேசுகிறேன் என்று உன் அண்ணிக்கு மட்டும் குறை. பேசாமல் எப்படி? பனியன் தைக்கிறவனுக்கு உங்கள் அணுமின் நிலையத்து ஆர்டர் வந்திருக்கிறது! உங்கள் பழைய ரிலேக்கள் இருநூறைப் புதுப்பித்துத் தர வேண்டுமாம். அவற்றைச் செய்த கம்பெனி மூடிவிட்டது. நிட்டிங் மெஷின் போர்டு ரிப்பேர் பார்க்க ஷெட்டில் ஒரு மூலை ஒதுக்கியிருக்கிறேனே, அந்த மூலைக்குத்தான் இந்த யோகம். ஆர்டர் தாளில் சோதிப்பவர் ஜனனி என்று படித்ததும் ஷெட்டு முழுக்க லட்டு கொடுத்தேன்.

அண்ணன்,
தரணீதரன்

நிலையக் குடியிருப்பு
24.2.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

லட்டு இங்கே வரவில்லை. சப்ளை செய்கிறவரோடு போனில் பேசக் கூடாது, எழுதலாம் என்பது எங்கள் விதி. நீங்கள் என் அண்ணன் என்று மேலதிகாரிக்கு எழுதிக் கொடுத்தேன். "அப்படியானால் கவனமாகச் செய்வார்" என்று கையெழுத்திட்டுவிட்டார்.

இந்த ரிலே சின்னப் பெட்டிதான். ஆனால் ஆபத்து நேரத்தில் தண்ணீர் பம்பைக் கிளப்புவது அதுதான். உள்ளே இரண்டு முனைகள் தொட்டாக வேண்டும். நீங்கள் அனுப்பிய இருநூறையும் சோதித்தேன். இருபத்து நான்கில் முனைகளுக்கு நடுவே பஞ்சு. சுத்தமான மண்ணரைப் பஞ்சு. உங்கள் ஷெட்டில் பனியனுக்குச் செய்வதுபோலவே, பழுது உள்ள இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்புகிறேன். சரிசெய்து அனுப்புங்கள். அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

ஜனனி

மண்ணரை
1.3.2025

கண்ணு,

இரண்டே நாள்! இருபத்து நான்கும் கிளம்பிவிட்டன. பேக்கிங்கை நடத்தும் மருதாளே நின்று பார்த்தாள். ஓர் அம்பு மிச்சமில்லை. ஒவ்வொன்றுக்கும் பாலிபேக், ஈரம் உறிஞ்சும் பொட்டலம், பை மேல் 'எம்' சைஸ் ஸ்டிக்கர். சைஸ் போடாமல் அவளுக்குக் கை வரவில்லை. ஜெர்மனிக்கே போகலாம், அத்தனை அழகு!

தரணீதரன்

நிலையக் குடியிருப்பு
10.3.2025

அண்ணா,

அழகுதான் வினையாகிவிட்டது. நான் விடுப்பில் இருந்தபோது பெட்டி வந்திருக்கிறது. பார்க்க நன்றாக இருந்ததால் நல்ல ரிலேக்களோடு கலந்து, ஒன்பதை மாட்டியும்விட்டார்கள். நேற்று சோதனை ஓட்டத்தில் பம்பு கிளம்பவில்லை. மாற்றுப் பம்பு கிளம்பியதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ரிலேயைத் திறந்தேன். பஞ்சு அப்படியே இருந்தது. அம்பு மட்டும் தடம்கூட இல்லாமல் போயிருந்தது. இனி எது எதுவென்று பிரிக்க முடியாது.

இருநூறையும் நம்ப வேண்டாம் என்று உங்கள் லெட்டர்பேடில் எழுதித் தாருங்கள். பிறகு ஆர்டர் வராது, தெரியும். எழுதாவிட்டால் வெள்ளிக்கிழமை நானே மேலதிகாரிக்குப் புகார் எழுதுவேன், உங்கள் பெயரைப் போட்டு. அதற்கப்புறம் நம் வீட்டுக்கு எந்த முகத்தோடு வருவேன்?

ஜனனி

மண்ணரை
12.3.2025

கண்ணு,

மருதாளை விசாரித்தேன்.

"ஏனுங்க, அம்போட பீஸ் போனா பையர் திருப்பீருவான், ஒண்ணு உடாம உரிச்சுப்போடுன்னு இருவது வருசமாச் சொல்றது நீங்கதானுங்க! பொட்டி நேரா பேக்கிங்குக்கு வந்துச்சு. சரி பண்ணீட்டாங்கன்னு நெனச்சனுங்க."

"பிரிச்சுப் பாத்திருக்கலாமில்ல?"

"பனியனைப் பிரிச்சுங்களா பாக்கறோம்?"

அந்த மூலைக்குப் போய் விளக்கைப் போட்டேன். பஞ்சு மழையாக மிதக்கிறது கண்ணு! இருபது வருஷமாக மூச்சு விடுகிற இடம், இன்றைக்குத்தான் பார்க்கிறேன். திரும்பி வந்தவற்றின் பழுதைச் சரிசெய்ய ஆள் வைத்தேனா என்று கேட்காதே. அம்பை உரிக்கத்தான் ஆள் வைத்திருக்கிறேன்.

இருநூறையும் கழற்றிவிடு. நீ கேட்டபடி லெட்டர்பேடில் எழுதி இணைத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை நீ எழுத ஒன்றுமில்லை. சனிக்கிழமை வீட்டுக்கு வா, அண்ணி எதிர்பார்க்கிறாள். பழுது எங்கே என்று உன் அதிகாரி தேடக் கூடாதல்லவா? என் கையெழுத்துக்கு நேராக ஒரு சிவப்பு அம்பு ஒட்டியிருக்கிறேன்.

கவரை மருதாள் கண்ணில் காட்டாமல் நானே கொண்டுபோய் கூரியரில் கொடுத்தேன்.

அண்ணன்,
தரணீதரன்