சேம் சைடு கோல்

மான்மவுத் ஜங்ஷன், அமெரிக்கா
ஞாயிறு, பூசை முடிந்து வந்து

அன்பு மகள் ஸ்டெஃபிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம் என்று எழுதத்தான் வேண்டும், ஆனால் எட்டு நாளாக உன் குரல் கேட்காத வீட்டில் என்ன நலம், நீ அங்கே ஐஸ்லாந்தில் ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா, முழங்கால் வீக்கம் வடிந்ததா. போனை எடுக்க மாட்டேன் என்கிறாய், அதனால் காகிதத்தில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன்.

போன வாரம் சனிக்கிழமை லேப்டாப்பில் உன் ஃபுட்பால் ஆட்டம் பார்த்தேன். திடீரென்று திரையில் உன் பெயர், பக்கத்தில் பந்துப் படம். அந்த ஊர் பாஷை எனக்கென்ன தெரியும், மூன்று வருஷமாக டிஃபென்ஸில் நிற்கிற பிள்ளை முதல் கோல் போட்டுவிட்டாள் என்று உனக்கு வாழ்த்து அனுப்பி, பிரேயர் குரூப்பிலும் போட்டு, பாயசமும் வைத்துவிட்டேன். அப்பா வந்து பார்த்துவிட்டு, ஏட்டி, அது சேம் சைடு கோலுல்லா, நம்ம வலைக்குள்ளேயே போயிருக்கு என்று தலையில் கை வைத்தார். அதற்குள் குரூப்பில் பாதிப் பேர் உனக்கே பூங்கொத்தும் கைதட்டலும் அனுப்பியாகிவிட்டது. தோற்று அழுதுகொண்டிருந்தவளுக்கு! என்னை நீ திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை, பேசாமல் இருக்கிறாயே, அதுதான் தாங்கவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன், இரண்டு தடவை பொங்கிவிட்டது.

வருகிற வெள்ளிக்கிழமைக்குள் அடுத்த வருஷத்துக்கான கான்ட்ராக்டில் கையெழுத்துப் போட வேண்டுமே, போடப்போகிறாயா. போதும் வந்துவிடு, பிசியோ படிப்புக்கு அப்ளை பண்ணு என்று நச்சரித்தது நான்தான். தூத்துக்குடி பனிமய மாதாவிடம் நீ திரும்பி வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டதும் நான்தான்.

அந்த ஆட்டத்தை மறுபடி மூன்று தடவை பார்த்தேன், பந்தை விட்டுவிட்டு உன்னை மட்டும். எத்தனை பந்துக்குக் குறுக்கே போய் விழுந்தாய், ஒன்றுக்காவது உன் பெயரைப் போட்டார்களா. இந்தக் கோலுக்கும் நீ தடுக்க ஓடாமல் சும்மா நின்றிருந்தால் பெயர் வந்திருக்காது. பந்து உள்ளே போனபிறகும் நீ தலை குனியவில்லை, கையை நீட்டி நீட்டி மற்றப் பிள்ளைகளை இடத்தில் நிறுத்தினாய். இன்று கோவில் வாசலில் என்னை நிறுத்தி, அல்போன்சா அக்கா, உங்கள் மகள் கோலா என்று கேட்டவர்களிடம், சேம் சைடு கோல், அவள் டிஃபெண்டர், அவள் வேலையில் அதுவும் வரும் என்று சத்தமாகவே சொன்னேன்.

வருவதென்றால் வா, உன் அறை இருக்கிறது. அந்தக் கோலுக்காக மட்டும் வராதே. மாதாவிடம் என் வேண்டுதலை நேற்றே திரும்ப வாங்கிக்கொண்டேன்.

ஆண்டவர் உன் காலுக்கு முன்னே நடக்கட்டும். வைட்டமின் மாத்திரையை மறக்காதே. கையெழுத்துப் போட்டாலும் போடாவிட்டாலும் போனை எடு.

சேம் சைடு கோல் போட்ட இன்னொருத்தி,
உன் அம்மா
அல்போன்சா கிருபைராஜ்