இரண்டாவது மென்சவ்வு

இன்று காலை சிவப்புச் சாயப் போத்தலைத் திறந்ததும் அந்தப் புளித்த அசிட் வாசம் மூக்கில் ஏறியது. கையுறையோடு அப்படியே நின்றுவிட்டேன். நாம் இருவரும் இந்த ஆய்வுகூடத்துக்கு வந்த முதல் வாரம், இதே வாசத்தை முகர்ந்துவிட்டு நீ சிரித்தாய்.

"இது எங்க ஸ்டோர் வாசம் புள்ள. அம்மா சீலையில இதேதான் வீசும்."

யட்டியாந்தோட்டைப் பக்கம் றப்பர் பால் வெட்டி, அதை அசிட் விட்டு உறையவைக்கும் ஸ்டோரில் கொண்டுபோய் ஊற்றும் அம்மாவின் மகள் நீ. பலாங்கொடைக்கு மேலே தேயிலைக் கொழுந்து பறிக்கும் அம்மாவின் மகள் நான். கூட வேலை செய்பவர்களிடம் சிங்களம், அறிக்கைக்கு ஆங்கிலம், சாப்பாட்டு மேசையில் மட்டும் நம் தமிழ் என்று இருந்தோம்.

உன் ஆய்வு ஹிஸ்டோனைப் பற்றியது. கலத்தின் கருவுக்குள் டி.என்.ஏ. நூலைத் தன்மேல் சுற்றி வைத்திருக்கும் சின்னஞ்சிறு புரதம் அது. கண்ணுக்குத் தெரியாது. அதை மட்டுமே தேடிப் பற்றிக்கொள்ளும் பிறபொருளெதிரியை விட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். புரதங்களை ஜெல்லில் ஓடவிட்டு அளவுவாரியாகப் பிரித்து, மின்சாரம் பாய்ச்சி மென்சவ்வுத் தாளுக்கு மாற்றி, அதன்மேல் பிறபொருளெதிரியை ஊற்றி வைத்தால், ஹிஸ்டோன் இருக்கும் இடத்தில் கடைசியில் ஒரு கறுப்புக் கோடு தெரியும். தெரிய வேண்டும். உனக்குத் தெரியவில்லை. ஐந்து முறை செய்தாய், ஐந்து முறையும் வெறுந்தாள்.

ஹிஸ்டோனை அசிட்டில் பிரித்து, இன்னொரு அசிட் விட்டுத் திரள வைப்பதில் உன்னை மிஞ்ச இங்கே ஆள் கிடையாது. குழாயின் ஓரத்தில் வெள்ளையாக ஒட்டி நிற்பதைக் காட்டி, "பால் ஒறஞ்சிருச்சு" என்பாய். ஆனாலும் கோடு வரவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் இந்தத் தலைப்பையே விட்டுவிடலாம் என்று பேராசிரியை சொல்லிவிட்டார். ஒன்றரை வருட உழைப்பு போய்விடும். அதைவிட, நீ பிரித்தெடுத்த விதமே பிழையாக இருக்கும் என்று யாரோ சொன்னதுதான் உனக்குச் சுருக்கென்று தைத்தது.

இன்றைக்காவது ஒப்புக்கொள்கிறேன். ஒவ்வொரு முறையும், "இன்னும் கொஞ்ச நேரம் கரண்ட வுடு" என்று சொன்னவள் நான்தான். தேத்தண்ணியில் சாயம் இறங்காவிட்டால் இன்னும் ஊறவிடுவது எங்கள் வீட்டுப் பழக்கம். அந்தப் புத்தியை இங்கேயும் கொண்டுவந்தேன். நீயும் என்னை நம்பி ஒரு மணித்தியாலத்தை இரண்டாக்கினாய்.

வியாழக்கிழமை காலை, முந்திய நாள் ஜெல்லையும் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாய். அளவு தெரிவதற்காகக் கூடவே ஓடவிடும் நிறக்கோடுகளில் ஆகச் சிறியது இரண்டிலுமே இல்லை.

"ஜெல்லுலயும் இல்ல, தாளுலயும் இல்ல. அப்ப எங்கதான் போச்சு?"

"நான் என்னத்தக் கண்டேன்," என்றேன்.

"ஸ்டோர்ல பால கம்பி வலையில ஊத்துவாங்கல்ல? பட்டை, தூசியெல்லாம் மேல நின்னுக்கும். பாலு கீழ போயிரும். இது சின்னச் சாமான் புள்ள. தாளத் தாண்டி ஓடிருச்சு. ஒந் தேயிலப் புத்தியக் கேட்டு நான்தான் ரெண்டு மணித்தியாலம் போட்டு வெரட்டியிருக்கேன்."

அன்று மென்சவ்வுக்குப் பின்னால் இன்னொரு மென்சவ்வை வைத்தாய். மூலையில் பென்சிலால் 'ஒன்று', 'இரண்டு' என்று தமிழில் எழுதினாய். வெள்ளி பகல் இரண்டையும் படமெடுக்கும் பெட்டிக்குள் வைத்தோம். முதல் தாளில் லேசான நிழல். இரண்டாவதில் தடித்த கறுப்புக் கோடு, ஹிஸ்டோனுக்கு உரிய அதே இடத்தில். பேராசிரியை குனிந்து பார்த்துவிட்டு, "நியமை" என்றார் சிங்களத்தில், அருமை என்று. நான் அழுதுவிட்டேன். நீ, "பசிக்குது, வா" என்று சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தாய்.

பிறகு ஒருமுறை காய்ச்சல் என்று லீவு போட்டு வீட்டுக்குப் போன நீ திரும்பவில்லை. சாவு வீட்டில் உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எம் மக அங்க என்னா வேல செஞ்சா? கேக்குறவங்களுக்குச் சொல்லத் தெரியலையே எனக்கு."

பிறபொருளெதிரியை எப்படிச் சொல்வது? கம்பி வலைக் கதையைச் சொன்னேன். அவர் கடைசிவரை கேட்டார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, சுற்றி இருந்த பெண்களிடம் நிமிர்ந்து சொன்னார். "வலையில நிக்காததயே புடிச்சிருக்கா எம் மக." அந்தத் தோட்ட லயத்து வீட்டு வரிசையில் அன்றைக்கு அவ்வளவு பெருமையோடு நின்றவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.

இப்போது நுண்ணிய துளை உள்ள மென்சவ்வு வாங்குகிறோம், நேரத்தையும் குறைத்துவிட்டோம். பின்னால் இன்னொன்று தேவையில்லை, வீண் என்கிறார்கள். இருக்கட்டும். இன்றும் வைத்தேன், மூலையில் 'இரண்டு' என்று எழுதினேன். முதல் தாளில் கோடு அழகாக விழுந்திருந்தது, எல்லாரும் அதைச் சுற்றி நின்றார்கள். நான் உன்னுடைய தாளைத்தான் கையில் எடுத்துப் பார்த்தேன். வெள்ளை வெளேரென்று இருந்தது. ஒன்றும் தப்பிப் போகவில்லை புள்ள.